ரோஸ்வித்தாவும் நீல டப்பாவும்

ரோஸ்வித்தாவோடு ஊர் சுற்றக் கிளம்புகிறவர்களுக்கு முதலில் ஒரு எச்சரிக்கை. கலைந்து கிடக்கும் எதையும் அவளால் தாண்டிப் போக முடியாது. ரயிலில் யாரோ கசக்கிப் போட்டுவிட்டுப் போன செய்தித்தாளை எடுத்து மடித்துவைப்பாள். விடுதிச் சமையலறையில் குவிந்து கிடக்கும் கரண்டிகளை அளவு பார்த்து அடுக்குவாள். லிஸ்பனில் ஒரு அருங்காட்சியகத்தின் வாசலில் சுருண்டு கிடந்த மிதியடியைக் குனிந்து நேராக்கினாள். காவலாளி என்னவோ ஏதோ என்று ஓடிவந்துவிட்டான். கேட்டால், "பழக்கதோஷம்டி, விடு" என்பாள். ஆயுசில் பாதியைப் பள்ளிக்கூடச் சமையல்கட்டில் கழித்தவள். அங்கே ஒரு மூடி இடம் மாறியிருந்தால் நூறு பிள்ளைகளுக்குச் சாப்பாடு தாமதமாகும்.

எங்கள் இருவருக்கும் கிழக்கு ஜெர்மனியில் எல்பே ஆற்றங்கரையில் இருக்கும் விட்டன்பெர்கேதான் ஊர். ஒரே தெரு, ஒரே வகுப்பு. நான் பூக்கடை வைத்தேன். அவள் பள்ளிச் சமையலுக்குப் போனாள். எங்கள் இளமைக் காலத்தில் நினைத்த ஊருக்குப் போக யாருக்கும் அனுமதி கிடையாது. பெர்லின் மதில் விழுந்து கதவு திறந்தபோது அவள் இடுப்பில் ஒரு குழந்தை இருந்தது. புருஷன் மேற்கே வேலை தேடிப் போனான். வேலை கிடைத்துவிட்டது என்று எழுதினான், அதோடு சரி. அவனைப் பற்றி அவள் பேசி நான் கேட்டதில்லை. திட்டவாவது செய்யலாமே என்று எனக்குத்தான் எரிச்சலாக இருக்கும்.

ஆக, முதுகுப் பையை மாட்டிக்கொண்டு நாங்கள் உலகம் பார்க்கக் கிளம்பியபோது இருவருக்கும் தலை நரைத்துவிட்டது. முதலில் பிராக், அப்புறம் வார்சா, வியன்னா, லிஸ்பன். வருஷத்துக்கு ஒரு பெரிய நகரம். தங்குவது எப்போதும் எட்டுக் கட்டில் போட்ட விடுதி அறையில், பேரப்பிள்ளை வயதுப் பயல்களோடு. நல்ல ஓட்டலில் ஒரு நாளாவது படுக்கலாம் என்று நான் ஒவ்வொரு வருஷமும் கெஞ்சுவேன். "கண்ண மூடிட்டா எல்லா ரூமும் ஒரே ரூம்தான்" என்பாள். காலை உணவில் மிஞ்சும் ரொட்டிக்கு நடுவே பாலாடைக்கட்டியை வைத்துத் துணியில் சுற்றி மதியத்துக்கு எடுத்துக்கொள்வாள். தண்ணீரைக் குழாயில் பிடித்துக்கொள்வாள். ஊரைக் கால்நடையாகவே பார்ப்பாள். நான்கு நாளில் என் பாதம் இரண்டும் பன்றித் தொடை மாதிரி வீங்கிவிடும். அவளுக்கு ஒரு கொப்புளம்கூட வராது.

ஆனால் காது போய்விட்டது. சமையல்கட்டு இயந்திரங்களின் இரைச்சல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது என்று மருத்துவர் சொன்னார். இரண்டு காதுக்கும் மெஷின் வைத்துக்கொண்டாள். அதற்கென்று கொடுத்த உறை ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது என்று தூர எறிந்துவிட்டு, கப்பல் படம் போட்ட ஒரு நீலத் தகர டப்பாவில் அவற்றைப் போட்டுவைப்பாள். தொண்டைக்கு இதமான மிட்டாய் வந்த டப்பா. போன வசந்தத்தில் என் கடைக்கு வந்து துலிப் பூவைத் தேர்ந்தெடுத்துக்கொண்டே, பால் விலை சொல்வது போலச் சொன்னாள்.

"அடுத்த குளிர்காலத்துக்குள்ள மெஷின் வெச்சாலும் ஒண்ணும் கேக்காதாம்டி."

"திலோகிட்ட சொன்னியா?"

"ஜூன்ல அவன் வாசிக்கணும். முடியட்டும், சொல்லிக்கலாம். மஞ்சள்ல ஒரு கட்டு குடு."

திலோ அவள் மகன். ஓபோ வாசிக்கிறவன். நாணல் சீவாளியை உதட்டில் வைத்து ஊதும் மெலிந்த கருங்குழல் அது. பெர்லினில் ஒரு வாத்தியக் குழுவில் பல வருஷமாகப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தான். அந்த ஜூனில்தான் முதன்முறையாக முன்னால் நின்று தனியாக வாசிக்க, மொத்தக் குழுவும் அவனுக்குப் பின்னால் வாசிக்கப்போகிறது. மதிய நேரத்து இலவசக் கச்சேரி. கூடத்துப் படிகளிலும் தரையிலும் யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். சர்ச்சில், பள்ளி விழாவில், வீட்டில் என்று அவன் வாசித்து அவள் எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள். இப்படி ஒரு முழுக் குழுவோடு கேட்டதில்லை. காது முழுசாக அடைந்துபோவதற்குள் அதை ஒரே ஒரு முறை கேட்டுவிட வேண்டும். அவளுக்கு வேறு ஆசையே இல்லை.

அந்த வருஷத்து நகரம் பெர்லின் என்றதும் நான் குதித்தேன்.

"நம்ம ஊர்க்காரங்க பல்லு புடுங்கப் போற ஊருக்கு முதுகுப் பையாடி? காலைல ரயில் ஏறினா கச்சேரி பார்த்துட்டு சாயங்காலம் வீட்டுக்கு வந்துடலாம்."

"போயிட்டு வந்தா அது வேலைக்குப் போற மாதிரி. தங்கினாத்தான் ஊர் சுத்துறது."

"அப்ப திலோ வீட்டுல தங்கலாமே. அவன்தான் கூப்பிடுறானே."

"ஒரே ரூம் அவனுக்கு. முந்தின நாள் ரெண்டு கெழவிங்க பக்கத்துல குறட்டை விட்டா, மறுநாள் அவன் ஓபோ ஊதுவானா, கொட்டாவி விடுவானா?"

பெர்லினின் நொய்க்கோல்ன் பகுதியில் ஒரு விடுதியில் இடம் பிடித்தோம். எட்டுக் கட்டிலில் ஐந்தில் போர்ச்சுகல் மாணவர்கள், ஒன்றில் சைக்கிளில் வந்த டென்மார்க்காரன். எனக்குக் கீழ்க்கட்டிலை விட்டுவிட்டு, மேலே அவள் ஏணி ஏறிப் போனாள். மெஷினைக் கழற்றி டப்பாவில் போட்டால் அவளுக்கு உலகம் அணைந்துவிடும். அந்த அறையில் நிம்மதியாகத் தூங்கியது அவள் ஒருத்திதான். முதல் நாள் மாலையே உருளைக்கிழங்கு சூப் வைத்து அறைக்கே ஊற்றினாள். மறுநாளிலிருந்து அந்தப் போர்ச்சுகல் பிள்ளைகள் என்னை விட்டுவிட்டு அவளுக்கு மட்டும் காலை வணக்கம் சொன்னார்கள். எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

கச்சேரி அன்று காலை சாப்பிட்டுவிட்டு மெதுவாக நடந்தே போய்ச் சேரலாம் என்று கிளம்பினோம். ஒரு தெருவில் நடைபாதையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் மெஷின் வழியாகப் போனால் மண்டைக்குள் ஆணி அடிப்பது போல இருக்குமாம். இரண்டையும் கழற்றி டப்பாவில் போட்டு, டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

அடுத்த தெருமுனையில் ஒரு அட்டைப் பெட்டி. பெர்லினில் வேண்டாத பொருளை யாரும் குப்பையில் போடுவதில்லை. பெட்டியில் போட்டு, எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதி வாசலில் வைத்துவிடுவார்கள். போகிற வருகிறவர்கள் எடுத்துக்கொள்வார்கள். இந்தப் பெட்டியை முந்தின நாள் காற்று புரட்டிப் போட்டிருந்தது. கோப்பைகள் உருண்டு கிடந்தன, புத்தகங்கள் குப்புறக் கிடந்தன, ஒரு கால்சட்டை சாக்கடை மூடிமேல் படுத்திருந்தது.

"ரோஸ்வித்தா, வேண்டாம்" என்றேன். அவளுக்கு எங்கே கேட்கப் போகிறது.

முதுகுப் பையோடு குனிந்துவிட்டாள். கால்சட்டையை உதறி மடித்தாள். புத்தகங்களை உயரப்படி நிறுத்தினாள். கோப்பைகளைப் பக்கத்து ஜன்னல் விளிம்பில் வரிசையாக வைத்தாள், எல்லாக் காதும் ஒரே பக்கம் பார்க்கும்படி. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பல்லைக் கடித்தேன். வேலை முடிந்ததும் இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டாள். நடந்தோம்.

கால்வாய்க் கரைக்கு வந்து, சத்தம் அடங்கியதும், மெஷினை மாட்டிக்கொள்ளக் கையைப் பார்த்தாள். கை காலி. சட்டைப்பை, கால்சட்டைப்பை, முதுகுப் பையின் ஒவ்வொரு அறையாகத் துழாவினாள். பிறகு என்னைப் பார்த்தாள். கோப்பைகளை எடுக்க இரண்டு கையும் வேண்டியிருந்திருக்கிறது. டப்பாவை அவற்றோடு வரிசையில் வைத்திருக்கிறாள், அதையும் நேராக.

என் பாதத்தை நினைக்காமல் ஓடினேன். அவள் எனக்கு முன்னால் ஓடினாள். ஜன்னல் விளிம்பில் கோப்பைகள் மூன்று நின்றன. நல்ல கோப்பை ஒன்றும் நீல டப்பாவும் இல்லை.

தரைமட்டத்து ஜன்னல் ஒன்றில், விளிம்பில் தலையணை போட்டு, அதில் இரண்டு முழங்கையையும் ஊன்றி ஒரு அம்மாள் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெர்லினில் இப்படி ஒரு அம்மாள் இல்லாத தெரு இல்லை. தொலைக்காட்சி இவர்களுக்குத் தேவையே இல்லை.

"இங்க வெச்சிருந்த நீல டப்பாவப் பார்த்தீங்களா?" என்று கேட்டேன்.

"பார்த்தேனே. தள்ளுவண்டில குழந்தைய வெச்சுக்கிட்டு ஒரு பொண்ணு போச்சு. எடுத்து ஆட்டிப் பார்த்துச்சு. உள்ள கடகடன்னுச்சு. குழந்தை சிரிச்சுது. அது கையில குடுத்துட்டுப் போயிடுச்சு."

"அது எங்களோடது."

"உங்களோடதுன்னா பெட்டிப் பக்கத்துல எதுக்கு வெச்சீங்க? பெட்டிப் பக்கத்துல வெச்சா அது ஊருக்குச் சொந்தம். எடுத்துட்டுப் போகத்தானே வெக்கிறது."

"அதுக்குள்ள இவளோட காது மெஷின் இருக்கு."

அம்மாள் ரோஸ்வித்தாவை ஏற இறங்கப் பார்த்தாள். "இவங்கதானே அத்தனையும் அடுக்கினது? நான்கூட நெனச்சேன், யாருடா இது, ஊரான் வீட்டுக் குப்பைய இவ்வளவு அக்கறையா அடுக்குறாங்கன்னு. ஏம்மா, கையில இருக்கிறதப் பார்த்துக்கிட்டு அடுத்தவன் குப்பையத் தொடக்கூடாதா?"

"என்ன சொல்றாங்க?" என்றாள் ரோஸ்வித்தா.

"நீ ஒரு லூசுன்னு சொல்றாங்க" என்று கத்தினேன்.

"சரியாத்தான் சொல்றாங்க" என்றாள்.

முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், யாரும் பதற வேண்டாம்: டப்பா கிடைத்தது. அந்தப் பெண் மூன்றாம் நாள் அந்த வழியாகத் திரும்பி வந்தபோது தலையணை அம்மாள் ஜன்னலிலிருந்தே ஒரு அதட்டல் போட்டு வாங்கி வைத்திருந்தாள். கப்பல் படத்தின் மேல் புதிதாக முளைத்த இரண்டு பல்லின் தடம். உள்ளே மெஷின்கள் பத்திரமாக இருந்தன. குழந்தை கிலுகிலுப்பையாக ஆட்டியதில் அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றைக்கு அது எங்களுக்குத் தெரியாது. அன்றைக்கு ஒரு மணிக்குக் கச்சேரி.

பக்கத்தில் இருந்த விளையாட்டுத் திடல், அதற்கடுத்த பூங்கா, ரொட்டிக்கடை, மருந்துக்கடை எல்லாவற்றிலும் தள்ளுவண்டிகளைத் தேடினோம். பெர்லினில் இத்தனை குழந்தைகளா என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. ஒரு தாய் நாங்கள் அவள் வண்டிக்குள் எட்டிப்பார்த்ததைக் கண்டு, போலீஸைக் கூப்பிடவா என்றாள். இன்னும் இரண்டு தெரு பார்க்கலாம் என்று நான் இழுத்தேன். ரோஸ்வித்தா நின்றுவிட்டாள்.

"போதும்டி. கச்சேரிக்குப் போவோம்."

"கேக்காம போய் என்ன பண்ணப்போற?" அவள் முகத்துக்கு நேரே நின்று கத்தினால்தான் புரியும். தெருவே திரும்பிப் பார்த்தது.

"அவன் வெளிய வந்து நிக்கும்போது நான் அங்க இருக்கணும். அவன் கண்ணு என்னத்தான் முதல்ல தேடும்."

அவள் அழவில்லை. நான்தான் மூக்கை உறிஞ்சினேன். ஒரு வாழ்நாளில் ஒரு ஆசை, அதையும் ஊரான் கோப்பையை அடுக்கப் போய்த் தொலைத்தாளே என்று எனக்கு அவள்மேல் அப்படி ஒரு கோபம். அந்தக் குழந்தைமேலும் கோபம்.

சுரங்க ரயிலில் ஒரு திட்டம் சொன்னேன், சொன்னேன் என்ன, கூவினேன். "முடிஞ்சதும் நல்லா இருந்துச்சுன்னு சொல்லிடு. எங்க கைதட்டணும்னு நான் முழங்கையால இடிக்கிறேன்." பெட்டியில் இருந்த அத்தனை பேருக்கும் எங்கள் ரகசியம் தெரிந்துவிட்டது. எதிரே இருந்த ஒரு ஆள் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.

"பார்ப்போம்" என்றாள் அவள்.

கூடத்தில் மேல்படி வரை ஆட்கள். முதுகுப் பைகளை மடியில் வைத்துக்கொண்டு தரையில் முன்னால் இடம் பிடித்து உட்கார்ந்தோம். வாத்தியக்காரர்கள் வந்தார்கள். பிறகு திலோ வந்தான். நெடுநெடுவென்று அம்மாவின் உயரம், அம்மாவின் நடை. கூட்டத்தைப் பார்த்தான், அம்மாவைக் கண்டான், கண்டதும் தோள் இறங்கியது. ரோஸ்வித்தாவுக்குத் தன் குரலின் அளவு தெரியவில்லை. "இவன் ஏன்டி கழுத்துல டை கட்டல?" என்றாள். அமைதியான கூடத்தில் அது கடைசிப் படி வரை போயிற்று. திலோவின் உதடு துடித்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு ஓபோவை எடுத்தான்.

எனக்குச் சங்கீதம் தெரியாது. பூ வாடுமா வாடாதா என்று சொல்வேன், அவ்வளவுதான். ஆனால் அவன் ஆரம்பித்ததும் பக்கத்தில் ரொட்டி தின்றுகொண்டிருந்தவன் மெல்வதை நிறுத்திவிட்டான். பின்னால் இருந்த முப்பது பேரும் அவன் எங்கே போகிறானோ அங்கே போனார்கள். இவ்வளவும் இவள் காதுக்குப் போகாமல் எனக்குப் போகிறதே என்று நினைத்தேன். உண்மையில் வெட்கமாக இருந்தது.

ஓரக்கண்ணால் அவளைப் பார்த்தேன். அவள் விரல்களைப் பார்க்கவில்லை. அவன் தோளையும் விலாவையும் பார்த்துக்கொண்டிருந்தாள், பால் பொங்குவதைப் பார்ப்பது போல. கொஞ்ச நேரத்தில் பக்கத்திலிருந்து 'ஃபூ' என்று ஒரு சத்தம். பிறகு இன்னொன்று. மூச்சு முட்டுகிறதோ என்று பயந்து கையைப் பிடித்தேன். அவள் உதறிவிட்டாள். கச்சேரி முடியும் வரை அந்த 'ஃபூ' விட்டுவிட்டு வந்துகொண்டே இருந்தது. நான் இடிக்க வேண்டியிருக்கவில்லை. கடைசியில் எல்லோருக்கும் முன்னால் அவள்தான் கைதட்டினாள்.

கூட்டம் கலைந்ததும் திலோ ஓபோவைக் கையில் பிடித்தபடியே ஓடிவந்தான். நெற்றியெல்லாம் வியர்வை.

"எப்படிம்மா இருந்துச்சு?"

நான் வாயைத் திறந்தேன். ரோஸ்வித்தா முந்திக்கொண்டாள்.

"ஒண்ணுமே கேக்கலடா."

அவன் அவள் காதைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். நான் அட்டைப் பெட்டி, கோப்பை, குழந்தை என்று எல்லாவற்றையும் உளறிக் கொட்டினேன். அவன் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். நாற்பதை நெருங்கும் ஆள், பம்பரத்தைத் தொலைத்த பையன் மாதிரி முகம். பிறகு அவளுக்குப் புரியும்படி முகத்துக்கு நேரே, நிறுத்தி நிறுத்திச் சொன்னான்.

"டப்பா கிடைச்சதும் உனக்காகத் திரும்ப வாசிக்கிறேம்மா."

"நீ வாசிப்ப. அந்த முப்பது பேரும் என் வீட்டுக்கு வருவாங்களா?" என்றாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் அவன் மோவாயைத் தொட்டு நிமிர்த்தினாள். "ஆனா ஒண்ணு பார்த்தேன்டா. ஒரு இடத்துலகூட பழைய மூச்ச உள்ள வெச்சுக்கல நீ. எல்லா இடத்துலயும் விட்டுட்டு விட்டுட்டுத்தான் வாங்கின."

எனக்குப் புரியவில்லை. திலோதான் சொன்னான். ஓபோ ஊதுகிறவனுக்கு மூச்சு பற்றாமல் போவதில்லை, மிஞ்சிப்போகும். சீவாளியின் வாய் அவ்வளவு சிறியது. நெஞ்சில் தேங்கிய காற்றை வெளியே தள்ளிவிட்டுத்தான் புதுக்காற்றை இழுக்க வேண்டும். மறந்தால் தலை சுற்றும். சின்ன வயதில் அவனுக்கு அது மறந்து மறந்து போகும். முகம் சிவந்து ஒருமுறை நாற்காலியிலிருந்து விழுந்தே விட்டானாம்.

"அடுப்புகிட்ட நின்னுக்கிட்டு அம்மா கத்துவாங்க சித்தி. 'விடு, விட்டுட்டு வாங்கு'ன்னு. ஒரு சங்கீதமும் தெரியாது அவங்களுக்கு. என் தோளப் பார்த்தே கண்டுபிடிச்சிடுவாங்க." ஓபோவை மடியில் வைத்துக்கொண்டான். "இன்னிக்கு வரைக்கும் அந்த இடம் வந்தா எனக்கு அந்தச் சத்தம் கேக்கும். இப்ப வாசிக்கும்போதும் கேட்டுச்சு."

ரோஸ்வித்தா அவன் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாதிதான் புரிந்தது போலிருக்கிறது.

"என்னடி சொல்றான்?"

வேறு வழியில்லை. அந்தப் பெரிய கூடத்தில், நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்க, அவள் முகத்துக்கு நேராக நின்று கத்தினேன்.

"நீ அடுப்படியில கத்தினது அவனுக்கு இன்னும் கேக்குதாம்டி."

அவள் முதுகுப் பையின் வாரை இழுத்து நேராக்கினாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"அப்ப சரி. நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தருக்காவது கேக்குதே."

திலோ எழுந்து நிற்கப் பார்த்தான். அவள் தோளைப் பிடித்து உட்காரவைத்து, பக்கத்தில் தானும் உட்கார்ந்து, மருத்துவர் வசந்தத்தில் சொன்னதை அவனிடம் சொல்ல ஆரம்பித்தாள்.